கச்சேரியும் டாணாவும்

சென்னை மயிலாப்பூரில் கச்சேரி சாலை என்றொரு சாலை உண்டு. இசை நிகழ்ச்சிகளால் வந்த பெயர் அன்று அது. அரசு அலுவலகத்தையும் நீதிமன்றத்தையும் ஒரு காலத்தில் ‘கச்சேரி’ என்றே மக்கள் வழங்கினர். காவல் நிலையம் ‘டாணா’ எனப்பட்டது. புரசைவாக்கத்தின் டாணாத் தெரு அச்சொல்லை இன்றும் சுமந்து நிற்கிறது. சொற்கள் வழக்கொழிந்ததைப் போலவே அவை குறித்த கட்டடங்களும் பல ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன.

பழைய தாலுகா கச்சேரி ஒன்றனுள் நுழைவோர் முதலில் வியப்பது, ஒரே வளாகத்தினுள் இத்தனை அதிகாரங்கள் எவ்வாறு அடங்கின என்பதையே. வரி செலுத்தும் இடம், தடித்த சுவர்கொண்ட கருவூலம், விசாரணைக் கூடம், கிளைச்சிறை ஆகியன அருகருகே அமைந்திருக்கும். இஃது இடவசதிக்காக மட்டும் நேர்ந்ததன்று. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள், மாவட்ட ஆட்சியரையே நீதித்துறை நடுவராகவும், வரி தண்டிய தாசில்தாரையே காவல் பொறுப்பாளராகவும் ஆக்கின. வரி கேட்பவரும் பிடித்து அடைப்பவரும் ஒருவரே என்றானபின், குடியானவர் யாரிடம் சென்று முறையிடுவது?

அதன் விளைவு கொடியது. சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த சித்திரவதைகளை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1855-இல் தன் அறிக்கையை அளித்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அவ்வறிக்கையில் இரண்டு தமிழ்ச்சொற்கள் இடம்பெற்றன: கிட்டி, அண்ணாந்தாள். விரல்களை இடுக்கி நெரிக்கும் மரக்கருவி கிட்டி. தலையைக் கால்களோடு சேர்த்துக் கயிற்றால் பிணித்துக் குனிந்தபடியே நிறுத்துதல் அண்ணாந்தாள். கிட்டிப்புள் ஆடும் சிறுவர் அறியாத மற்றொரு பொருள் அச்சொல்லுக்கு இருந்திருக்கிறது. வரி நிலுவைக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் இக்கொடுமைகள் இழைக்கப்பட்டன என்று ஆணையம் கண்டது. நான்கு ஆண்டுகளில், 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால், காவல்துறை வருவாய்த்துறையினின்று பிரிந்து தனித்துறையாயிற்று.

நீதி தனித்து நிற்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. நிருவாகத்தினின்று நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 50-ஆவது உறுப்பு கூறுகிறது. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமே நீதித்துறை நடுவர்களை உயர்நீதிமன்றத்தின்கீழ் நாடெங்கும் கொண்டுவந்தது. ஊத்துக்கோட்டையில் இன்று வட்டாட்சியருக்கு ஓர் அலுவலகம், நீதிபதிக்கு ஒரு மன்றம், காவலர்க்கு ஒரு நிலையம் என மூன்றும் வெவ்வேறாக இருப்பதன் பின்னணி இதுவே.

கைவிடப்பட்ட இத்தகைய கட்டடங்களுக்கு நேரும் கதி ஒன்றுபோல் இருப்பதில்லை. சென்னைக் கடற்கரைச் சாலையில் இருந்த பெண்டிங்க் கட்டடத்தில்தான், 1892-இல் இன்றைய செந்நிற மாளிகைக்கு இடம்பெயரும்வரை, உயர்நீதிமன்றம் இயங்கிற்று. பின்னர் மாவட்ட ஆட்சியர் அலுவலகமாகிய அக்கட்டடம் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் சிங்காரவேலர் மாளிகை எழுந்தது. சென்னையின் நீதி வரலாற்றில் இதனை ஒரு பேரிழப்பு என்றே கூறல் வேண்டும்.

எழும்பூரின் பழைய காவல் ஆணையர் அலுவலகம் நற்பேறு பெற்றது. 1842-இல் கட்டப்பட்ட அம்மாளிகையை விட்டு அலுவலகம் 2013-இல் வேப்பேரிக்குச் சென்றது. சில ஆண்டுகளுக்குப்பின் கட்டடம் செப்பனிடப்பட்டு, 2021 செப்டம்பர் 28 அன்று காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய ஆயுதங்கள், சீருடைகள், பதக்கங்கள், கம்பியில்லாத் தொடர்புக் கருவிகள் ஆகியவற்றை மாணவர் அங்கே காணலாம்.

மெரினாவில் உள்ள காவல்துறைத் தலைமை அலுவலகமோ, இடிவிளிம்புவரை சென்று மீண்டது. 1839-இல் எழுந்த அவ்வெண்ணிறக் கட்டடத்தை அகற்ற 1990-களில் அரசு திட்டமிட்டபோது, மரபுக் கட்டடங்களைக் காக்க முயன்றோர் நீதிமன்றத்தை நாடினர். திட்டம் கைவிடப்பட்டது, பழைய கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, இன்றும் காவல்துறையின் தலைமையிடமாகவே விளங்குகிறது.