பனியில்லா ஊரிலும் தோல் வறளும்!

"பனிக்காலமே இல்லாத நம் ஊரில் தோல் வறட்சிக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பெண்டாங் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் மாதங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரெங்கானு பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, திதிவங்சா மலைத்தொடரைத் தாண்டி வரும்போது ஈரம் குறைந்துவிடுகிறது. அதனால்தான் ஜனவரி முதல் மார்ச் வரை கெடாவில் வறட்சி. மரத்துக்கு நேர்வது நம் தோலுக்கும் நேர்கிறது. போதாக்குறைக்கு, தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் நாள் முழுக்கக் குளிர்சாதனம் வேறு!

தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் போன்றது. செல்கள் செங்கல், அவற்றுக்கிடையே உள்ள கொழுப்பு சாந்து. சாந்து கரைந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். தோல் வெளுத்து, அரித்து, வெடிக்கும். சுடுநீரும் கடுமையான சவர்க்காரமும் இந்தச் சாந்தைக் கரைப்பவை. ஆகவே வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்திற்குள் குளித்து முடியுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் தோலுக்கு நீரைத் தருவதில்லை. இருக்கும் நீரைப் பூட்டி வைக்கிறது. காய்ந்த தோலில் தடவினால் பலன் குறைவு என்பது இதனால்தான்.

எந்த எண்ணெய் நல்லது? நம் பாட்டிமார் கைவிடாத தேங்காய் எண்ணெயே போதும். 2004-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள் வறண்ட தோலுடைய 34 பேரிடம் இரண்டு வாரம் சோதித்ததில், அது கனிம எண்ணெய்க்கு இணையாகப் பலன் தந்தது. ஆலிவ் எண்ணெயோ தோலின் காப்பைக் குலைக்கக்கூடும் என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வு 2013-இல் காட்டியது. விலை கூடியதெல்லாம் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். முகப்பரு உள்ளவர்கள் மட்டும் தேங்காய் எண்ணெயை முகத்தில் தவிர்க்கலாம்.

அரிப்புக்கு ஓட்ஸ் நல்ல துணை. இரண்டு மேசைக்கரண்டி ஓட்ஸை நைசாகப் பொடித்து வெதுவெதுப்பான நீரில் கரைத்து, துணியில் நனைத்து 10 நிமிடம் ஒற்றலாம். சவர்க்காரத்திற்குப் பதில் பயத்தம் மாவைப் பால் அல்லது தயிரில் குழைத்துப் பூசலாம். வறட்டு மாவைத் தேய்த்தால் தோல் உராயும். கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் நீரைக் கழுவிவிட்டு, உள்ளிருக்கும் சோற்றை மட்டும் பயன்படுத்துங்கள். அன்று கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வைத்திருந்தால் கிருமி வளரும். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப் பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும்.

இதையெல்லாம் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. "இயற்கை" என்ற பெயரில் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் சில வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. முகம் சில நாளில் பளிச்சிடும்; பாதிப்பு சிறுநீரகத்தில் தெரியும். சுகாதார அமைச்சு இத்தகைய பொருள்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. வாங்குமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் அதன் பதிவைச் சரிபாருங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று: நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். நீரிழிவு உள்ளவரின் குதிகால் வெடிப்பு சாதாரண விஷயமல்ல. வலி தெரியாமலே புண்ணாகி, காலையே இழக்க நேரலாம். தினமும் பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்கை விட்டு மற்ற இடங்களில் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். வெடிப்பில் இரத்தமோ சீழோ தென்பட்டால், கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு அன்றே அரசாங்கக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.

சமையலறை தோலைப் பராமரிக்கும். புண்ணைக் குணப்படுத்த மருத்துவர்தான் வேண்டும். இந்த எல்லையை அறிந்து நடந்தால் வறட்சிக் காலத்தைக் கவலையின்றிக் கடக்கலாம்.