குழுப் பயணத்திற்கு மிதிவண்டி வாங்குமுன்: சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் அறிய வேண்டியவை

சர்க்கரை நோய்க்கோ உயர் இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உட்கொள்வோரில் சிலர், நடைப்பயிற்சியில் உடல் தேறியபின், ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லும் மிதிவண்டிக் குழுக்களில் சேர விரும்புகின்றனர். "எந்தச் சைக்கிள் வாங்கலாம்? நான் ஓட்டலாமா?" என்னும் இரு கேள்விகளும் புறநோயாளிகள் பிரிவில் ஒருசேரக் கேட்கப்படுகின்றன. இரண்டாம் கேள்விக்கு விடை கண்ட பின்னரே முதல் கேள்விக்குச் செல்ல வேண்டும்.

மிதிவண்டி ஓட்டுவதால் என்ன பயன்?

வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மிதிவண்டி ஓட்டும்போது உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்குவதால், முழங்கால் தேய்மானம் உள்ளோரும் பெரும்பாலும் இதனை எளிதாகச் செய்ய இயலும். ஓட்டும்போது பேச முடிந்து, பாட முடியாத அளவில் மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. பேசவே முடியவில்லை எனில் அது கடும் உழைப்பு. குழுவின் வேகமும் நட்புமுறைப் பந்தயமும் பெரும்பாலும் இவ்விரண்டாம் நிலைக்கே இட்டுச் செல்லும்.

யார் முதலில் மருத்துவரைக் காண வேண்டும்?

இதய நோய், நடக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உள்ளோர் மருத்துவரின் ஒப்புதலின்றித் தொடங்கலாகாது. சர்க்கரை நோயால் விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்துள்ளோர் கடும் உழைப்பில் ஈடுபட்டால் கண்ணுள் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். இவர்கள் கண் பரிசோதனை முடியும்வரை பந்தயத்தைத் தவிர்க்க வேண்டும். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மருந்துகள் இதயத் துடிப்பு உயர்வதைத் தடுப்பதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பெண்ணைக் கொண்டு உழைப்பை அளவிடுவது தவறான முடிவைத் தரும். இவர்களுக்குப் பேச்சு அளவுகோலே ஏற்றது.

எத்தகைய மிதிவண்டி?

கடைகளில் ரோடு பைக் எனப்படும் விரைவு மிதிவண்டிகளில் இரு வகை உண்டு. பந்தய வகையில் கைப்பிடி தாழ்ந்திருக்கும். முதுகும் கழுத்தும் நெடுநேரம் வளைந்திருக்க நேரிடும். நெடுந்தூரப் பயண வகையில் கைப்பிடி சற்று உயர்ந்திருக்கும். கழுத்து எலும்புத் தேய்மானமோ கீழ்முதுகு வலியோ உள்ளோர் இரண்டாம் வகையையே வாங்க வேண்டும். குழுப் பயணத்திற்கும் நட்புமுறைப் பந்தயத்திற்கும் அதுவே போதுமானது.

சட்டகம்: அலுமினியச் சட்டகமே சிக்கனமானது. கார்பன் சட்டகத்தின் எடை குறைவு, விலை அதிகம். உடல் எடையில் 2 கிலோ குறைவது, வண்டியின் எடையில் 2 கிலோ குறைப்பதைக் காட்டிலும் நலம் பயக்கும், செலவும் இல்லை. பழைய வண்டி வாங்குவோர் கார்பன் சட்டகத்தைத் தவிர்ப்பது நன்று. அதன் உட்புற விரிசல் வெளியே தெரியாமல் இருக்கக்கூடும்.

கியர்: முன்புறச் சிறிய பற்சக்கரத்தில் 34 பற்களும், பின்புறப் பெரிய பற்சக்கரத்தில் 32 அல்லது 34 பற்களும் உள்ள வண்டியில் மேட்டிலும் முழங்காலை வருத்தாமல் மிதிக்கலாம். கடினமான கியரில் மெதுவாக மிதிப்பதைவிட, இலகுவான கியரில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 80 சுற்று மிதிப்பது மூட்டுக்கு நல்லது.

டயர்: 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர், மேடுபள்ளச் சாலையின் அதிர்வைக் குறைக்கும். மெல்லிய டயரின் அதிர்வு கைகளைத் தாக்கும். உள்ளங்கையில் நெடுநேரம் அழுத்தம் விழுந்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். நரம்புப் பாதிப்பு உள்ள சர்க்கரை நோயாளிகள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

பிரேக்: மழையில் ஓட்ட நேர்ந்தால் டிஸ்க் பிரேக் நன்கு பிடிக்கும். விலை கூடுதல் எனில், நல்ல நிலையிலுள்ள ரிம் பிரேக் போதும். ஈரச்சாலையில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும்.

அளவு சரியாக உள்ளதா?

விலையைவிட அளவே முதன்மையானது. காலணியின்றிச் சுவரோரம் நின்று, கவட்டிலிருந்து தரை வரையுள்ள உயரத்தை அளக்கவும். அதனை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்புறம் வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் எனில் ஏறத்தாழ 70.6 சென்டிமீட்டர். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை தாழ்வாக இருக்கலாம். பின்புறம் வலித்தால் உயரமாக இருக்கலாம். இருக்கையில் அமர்ந்து சில நிமிடங்களிலேயே கவட்டுப்பகுதி மரத்துப்போனால் இருக்கையை மாற்றவும். அந்த மரமரப்பைப் பொறுத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

காலில் உணர்வு குறைந்தோர் காலணியைப் பெடலுடன் பூட்டும் அமைப்பைத் தவிர்க்கவும். இறுக்கமற்ற காலணி அணிந்து, பயணம் முடிந்ததும் பாதங்களில் கொப்புளம் உள்ளதா எனப் பார்க்கவும்.

பணத்தை எவ்வாறு பகிர்வது?

முழுத் தொகையையும் வண்டிக்கே செலவிடாமல், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தலைக்கவசம், முன்பின் விளக்குகள், மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றிற்கு ஒதுக்கவும். தலைக்கவசத்தில் சி.பி.எஸ்.சி. அல்லது ஈ.என். 1078 தரக்குறி உள்ளதா எனக் காணவும். ஒருமுறை பலமாக மோதிய தலைக்கவசத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. மருந்து, பரிசோதனைச் செலவைக் குறைத்து வண்டி வாங்க வேண்டாம்.

சர்க்கரை தாழ்நிலை: கவனம் தேவை

இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு எடுத்துக்கொள்வோர் விடியற்காலையில் வெறும் வயிற்றில் புறப்படுவது ஆபத்தானது. புறப்படுமுன் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்கவும். 90 மி.கி.க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ உண்டு, அளவு உயர்ந்த பின் புறப்படவும். 250 மி.கி.க்கு மேல் இருந்து உடல்நலமும் குன்றியிருந்தால் அன்று ஓட்ட வேண்டாம். இன்சுலினைத் தொடையில் செலுத்திக்கொண்டு உடனே மிதித்தால் அது விரைவாக உறிஞ்சப்படலாம். அன்று வயிற்றில் செலுத்துவது நன்று.

வழியில் நடுக்கம், வியர்வை, குழப்பம், பார்வை மங்கல் தோன்றினால் உடனே ஓரமாக நிறுத்தவும். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கலந்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்கவும். குழுவினர் முன்னேறிச் செல்கிறார்களே எனத் தயங்கி ஓட்டியபடியே செல்வதுதான் விபத்துக்குக் காரணமாகிறது. நெடும்பயணத்திற்குப் பின் அன்றிரவும் சர்க்கரை தாழக்கூடும் என்பதால் இரவு உணவைத் தவிர்க்கலாகாது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளவும். நோய், மருந்து, தொடர்பு எண் ஆகியவை எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்தனுப்பவும். குழுவில் ஒருவரிடமாவது நோயைப் பற்றிச் சொல்லச் செய்யவும். இதில் வெட்கத்திற்கு இடமில்லை. உணர்விழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 அவசர ஊர்தியை அழைக்கவும். நெஞ்சுவலி, மயக்கம் ஏற்பட்டாலும் அவ்வாறே அழைக்கவும். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் தலையில் அடிபட்டால், நலமாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

முதல் நான்கு வாரங்கள் தனியாகவோ மெதுவான துணையுடனோ ஓட்டிப் பழகவும். பின்னர்க் குழுவிலும், மருத்துவர் ஒப்புதல் பெற்றுப் பந்தயத்திலும் சேரலாம். உடலுழைப்பு கூடும்போது மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தாமாக மருந்தை நிறுத்த வேண்டாம்.