மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்து

சென்ற நவரை அறுவடைக்குப் பின் சிறுசேரிப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் உரக் கையிருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்க நேர்ந்தது. அங்கத்தினர் ஒருவர் பெயரில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் தவறாமல் டி.ஏ.பி. மூட்டைகள் கடனில் பற்று வைக்கப்பட்டிருந்தன. ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை அவருக்கு. கணினி நிறுவனங்களின் கட்டடங்களுக்கு நடுவே எஞ்சி நிற்கும் சிறு ஆயக்கட்டில் அவருடையதும் ஒன்று. நட்ட மூன்றாம் வாரத்தில் பயிர் வெளுத்து, இலைகளில் துருநிறப் புள்ளிகள் விழுந்தனவாம். உரம் போதவில்லை என்று கருதி மேலும் ஒரு மூட்டை வாங்கி இறைத்திருக்கிறார். மகசூல் முந்திய ஆண்டினும் குறைந்தது. கடன் மட்டும் கூடியது.

மண்ணைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னேன். முடிவு வந்தபோது மணிச்சத்து ‘அதிகம்’ என்றும் துத்தநாகம் ‘குறைவு’ என்றும் இருந்தது. “ஐயா, சத்து இவ்வளவு இருக்கிறதென்றால் நான் வாங்கிய கடனெல்லாம் எங்கே போயிற்று?” என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு விடையாகவே இதனை எழுதுகின்றேன்.

பயிருக்கு வேண்டிய பேரூட்டங்கள் மூன்றனுள் தழைச்சத்தின் வேலை கண்ணுக்குத் தெரியும். யூரியா போட்ட நாலாம் நாள் பயிர் கருக்கும். மணிச்சத்தின் வேலையோ மறைவானது. இலை வெயிலில் சமைக்கும் சக்தியை உயிரணுக்குள் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் சுமந்து செல்வது பாஸ்பரசால் ஆன கூட்டுப்பொருளே. ஒவ்வோர் உயிரணுவின் மரபுப் பொருளிலும் அஃது உண்டு. வேர் ஓடுவதும், தூர் வெடிப்பதும், கதிர் காலத்தில் வெளிவருவதும், மணி பிடிப்பதும் அதனைப் பொறுத்தவை. அது குறைந்தால் பயிர் வெளுப்பதில்லை, மாறாக, கரும்பச்சையாய்க் குறுகி நிற்கும், தூர் குறையும், சில பயிர்களில் அடியிலைகள் ஊதா நிறம் கொள்ளும். ‘பச்சையாகத்தானே இருக்கிறது’ என்று பலர் ஏமாறுவது இதனால்தான். ஒரு டன் நெல் விளைய, வைக்கோலையும் சேர்த்து, ஏறத்தாழ மூன்று கிலோ பாஸ்பரசைப் பயிர் மண்ணினின்று எடுக்கிறது. அதில் பெரும்பகுதி நெல்லோடு வண்டியேறிப் போய்விடும்.

இனி, மண்ணின் இருப்பைப் பார்ப்போம். சாதாரண நிலமொன்றில், ஹெக்டேருக்கு, உழவடுக்கில் மட்டும் ஆயிரம் கிலோ அளவுக்குப் பாஸ்பரஸ் இருக்கக்கூடும். ஆனால் எந்த ஒரு நேரத்திலும் மண்ணின் ஈரத்தில் கரைந்து வேருக்குக் கிடைப்பது ஒரு கிலோவைக்கூட எட்டுவதில்லை. நெசவாளர் அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கிடங்கு நிறைய நூல் சிப்பங்கள் இருந்தும், சாவி வராமையால் தறிகள் நின்ற நாட்களை அவர்கள் அறிவார்கள்.

இந்தப் பூட்டு மண்ணுக்கு மண் வேறுபடும். செங்கற்பட்டுப் பக்கத்துச் செம்புறை மண் போன்ற புளிப்பு நிலங்களில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் கால்சியம் பற்றிக்கொள்ளும். புளிப்பும் காரமும் இல்லாத நடுநிலையில், அதாவது கார அமில நிலை 6.5 முதல் 7 வரை இருக்கும் மண்ணில், பிடி மிகத் தளர்வாயிருக்கும். மேலும் தழைச்சத்தைப்போல் இது நீரோடு ஓடுவதன்று. போட்ட இடத்தினின்று சில மில்லி மீட்டர் தூரமே நகரும். ஆகவே வேர்தான் அதனிடம் செல்ல வேண்டும். மேலுரமாக இறைக்கும் டி.ஏ.பி.யால் அதிகப் பயனில்லை என்பதற்கும், மணிச்சத்து முழுவதையும் கடைசி உழவிலேயே அடியுரமாக இட வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

இட்ட மணிச்சத்தில் முதற்பயிர் எடுத்துக்கொள்வது ஐந்தில் ஒரு பங்கு அளவே. மிச்சம் தொலைந்து போவதில்லை. மண்ணைப் பற்றிக் கிடந்து, பின்வரும் பயிர்களுக்குச் சிறிது சிறிதாகக் கசியும். நம் அங்கத்தினரின் கேள்விக்கு நேர் விடை இது: அவருடைய கடன் எங்கும் போகவில்லை, வைப்புத் தொகைபோல அந்த இரண்டு ஏக்கரிலேயே கிடக்கிறது. அதனை எடுத்து உண்ணாமல் மேன்மேலும் வட்டிக்கு வாங்கி அங்கேயே போட்டு வந்திருக்கிறார். அளவு மீறிய மணிச்சத்து துத்தநாகத்தைப் பயிர் ஏற்கவொட்டாமல் தடுக்கும் என்பதையும் அறிய வேண்டும். துருப்புள்ளி அதன் அடையாளம். அவருக்கு வேண்டியிருந்தது ஹெக்டேருக்கு 25 கிலோ வீதம் துத்தநாக சல்பேட். மூட்டை மூட்டையாக டி.ஏ.பி. அன்று.

நஞ்சைக்குரிய விசேஷம் ஒன்று உண்டு. வயலில் நீர் தேங்கியதும் மண்ணில் காற்று அற்றுப்போகிறது. அந்நிலையில், பாஸ்பேட்டைப் பற்றியிருந்த இரும்பு உருமாறிப் பிடியை நழுவவிடுகிறது. சேற்று நெல் ஓரளவு மணிச்சத்துக் குறைவைத் தாங்குவது இதனால்தான். நெல்லுக்குப் பின் நீரை வடித்து உளுந்தோ வேர்க்கடலையோ விதைத்தால், மண் காய்ந்து பூட்டு மீண்டும் இறுகும். எனவே கையில் இருக்கும் பணம் ஒரு பயிருக்கே போதுமானால், மணிச்சத்தை நெல்லுக்குக் குறைத்து, தொடர்ந்து வரும் பயறு வகைக்கு இடுவது புத்திசாலித்தனம். நம்மவர் செய்வது பெரும்பாலும் தலைகீழ்: நெல்லுக்கு அள்ளி இறைத்து, உளுந்தைக் கடவுளிடம் ஒப்படைத்துவிடுவார்கள்!

பூட்டைத் திறக்கும் உரத்தை உலகுக்குக் கொடுத்தவர் இங்கிலாந்தின் ஜான் லாஸ். கரையாத பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தால் கரையச் செய்யும் முறைக்கு அவர் 1842இல் உரிமை பெற்றார். அதுவே சூப்பர் பாஸ்பேட். நம் நாட்டில் அதன் உற்பத்தி, பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டையில், பாரி கம்பெனியின் ஆலையில் 1906இல் தொடங்கியது. கோவையில் 1909இல் தொடங்கிய நிலையான எருச் சோதனை வயல் நூறாண்டுகளைக் கடந்து நடந்து வருவதும் குறிப்பிடத்தக்கது. மூலப்பொருளான பாறைப் பாஸ்பேட்டுக்கு இராஜஸ்தானத்து ஜாமர்கோட்ரா சுரங்கம் ஓரளவு உதவினும், பெரும்பகுதி மொராக்கோ முதலிய வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. ஆகவே இதில் ஒரு மூட்டை வீணாவது அங்கத்தினரின் நஷ்டம் மட்டுமன்று.

விலையைப் பற்றி ஒரு சொல். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ மணிச்சத்தும் 9 கிலோ தழைச்சத்தும் உண்டு. சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் மணிச்சத்து 8 கிலோதான். ஆனால் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் உடன் வருகின்றன. வேர்க்கடலைக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை. கோவளம் பக்கத்து மணற்பாங்கான கொல்லைகளில் கடலை போடுவோர் டி.ஏ.பி.க்காகக் காத்திராமல் சூப்பரையே கேட்டு வாங்கலாம். மூட்டைக் கணக்கை மட்டும் பார்த்து ‘மலிவு’, ‘விலை அதிகம்’ என்று முடிவு செய்வது சரியன்று; சத்துக் கிலோ ஒன்றுக்கு என்ன விலை என்று சங்கச் செயலாளரைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்பது அங்கத்தினரின் உரிமை.

மானாவாரிப் பயறு போடுவோர், வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டை ஹெக்டேருக்கு 750 கிலோ தூளான தொழுவுரத்துடன் கலந்து, ஒரு மாதம் நிழலில் குவித்து மூடி வைத்து இடலாம். எருவிலுள்ள அமிலங்கள் பாஸ்பேட்டை மண் பிடித்துக்கொள்ளாமல் காக்கும். ஆட்டுக்கிடை வைப்பதும், கொழிஞ்சி, தக்கைப்பூண்டு மடக்கி உழுவதும் இதே வேலையைச் செய்கின்றன. பாஸ்போபாக்டீரியா என்னும் நுண்ணுயிர் உரம் பூட்டிய சத்தைக் கரைத்துத் தர வல்லது. ஆனால் எரு இல்லாத வறண்ட மண்ணில் அதனிடம் அதிசயம் எதிர்பார்த்தல் ஆகாது. பொட்டலத்தை வெயிலில் வைத்து விற்கும் இடத்தில் வாங்குவதும் வீண்.

எந்த நிலத்துக்கு எவ்வளவு என்பதை மண் பரிசோதனையே சொல்லும். நம் மாநிலத்தில், ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே கிடைக்கும் மணிச்சத்தைக் குறைவு என்றும், 22க்கு மேற்பட்டதை அதிகம் என்றும் கொள்வர். அறுவடை முடிந்து எரு இடுமுன் மண் எடுக்க வேண்டும். வரப்போரம், எருக்குழி, மரநிழல், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றைத் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் மேற்சருகை நீக்கி, ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் குழி வெட்டி, நெல்லுக்கானால் 15 சென்டி மீட்டர் ஆழம்வரை பக்கவாட்டில் சீவி எடுக்க வேண்டும். கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்துக்கொண்டே வந்து அரை கிலோ ஆக்கி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிப் பெயரும் சர்வே எண்ணும் எழுதிச் சங்கத்தில் கொடுக்கலாம். அல்லது வேளாண்மை விரிவாக்க மையத்தில் சேர்ப்பிக்கலாம்.

மேற்சொன்ன அங்கத்தினர் இந்தச் சொர்ணவாரிக்கு டி.ஏ.பி. கேட்கவில்லை. துத்தநாக சல்பேட்டும், தழைச்சத்துக்கு யூரியாவும் மட்டும் பற்று எழுதியிருக்கிறார். சோதனை முடிவுத் தாளைக் கடன் மனுவோடு சேர்த்துக் குத்தி வைத்திருந்தார்.