எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்காதீர்கள்

கணினியும் வெப்பமும் – 9

சென்ற வாரம், விசிறியை நம்பிக் கிராபிக்ஸ் கார்டைக் குளிர்விப்பது எதுவரை சாத்தியம் என்று பார்த்தோம். இந்த வாரம் தண்ணீர்.

ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு முழு வேலையில் 450 வாட் இழுக்கிறது. அதில் பெரும்பகுதி, சுமார் ஆறு சதுர செண்டிமீட்டர் பரப்புள்ள ஒரு சிப்பில் வெப்பமாகிறது. அந்தச் சிப்பின் மேல் அழுந்தி உட்காரும் செம்புத் தகடுதான் வாட்டர் பிளாக். தகட்டில் மிக நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருக்கும். அவற்றின் ஊடே ஓடும் நீர் சூட்டை வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய் விடும். ஒரு டிகிரி சூடேற, ஒரு லிட்டர் காற்றைவிட ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்.

எந்த பிளாக் நல்லது? "என்னுடையது 55 டிகிரியைத் தாண்டுவதே இல்லை" என்று ஒருவர் சொன்னால் நாம் மயங்கிவிடுகிறோம்.

நெகிரி செம்பிலான் தோட்டக் குடும்பங்களில் பெரியவர்கள் மயங்க மாட்டார்கள். லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கம் ரப்பர் வெட்டிய காலத்தில், வாளி நிறைந்திருக்கிறது என்பதற்காக யாரும் கூலி எழுதிவிடவில்லை. ரப்பர் பாலில் மெட்ரோலாக் மிதவையை இறக்கி, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்தார்கள். மழைநீர் கலந்த வாளியும் கனக்கத்தானே செய்யும்? சிப்பின் வெப்பநிலையும் அப்படிப்பட்ட வாளிக் கனம்தான். அறையின் சூடு, ரேடியேட்டரின் அளவு, விசிறியின் வேகம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

பிளாக்கின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க, சிப்பின் வெப்பநிலையிலிருந்து பிளாக்குக்குள் நுழையும் நீரின் வெப்பநிலையைக் கழித்து, மின்திறனால் வகுக்க வேண்டும். ஏர்கோன் அறையில் ஒரு கார்டு 55 டிகிரி, நீர் 34 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 21. பகல் வெக்கையில் இன்னொரு கார்டு 62, நீர் 44. வித்தியாசம் 18. இரண்டும் 450 வாட் என்றால், முதலாவது வாட்டுக்கு 0.047 டிகிரி, இரண்டாவது 0.040. சூடாகத் தெரிந்த கார்டில் இருப்பதுதான் நல்ல பிளாக்.

சோதனையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மின்திறனை ஒரே அளவில் பூட்டிவிட வேண்டும். தெர்மல் பேஸ்ட் ஒரே வகையாக இருக்க வேண்டும். பிளாக்கைக் கழற்றி மாட்டித் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். திருகின் இறுக்கமும் பேஸ்ட் பரவும் விதமும் மாறினாலே சில டிகிரி கூடும், குறையும். நீரின் சூடு ஏறி நிலைத்த பிறகே குறிப்பெடுக்க வேண்டும். அவசரக்காரர் எழுதும் எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

நீரோட்டம் இன்னும் முக்கியம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், 450 வாட்டை வாங்கும் நீர் பிளாக்கைக் கடக்கையில் 1.6 டிகிரிதான் சூடேறும். ஒரு லிட்டராகக் குறைந்தால் 6.4 டிகிரி. அப்போது உணரியை நுழைவாயிலில் வைத்தீர்களா, வெளிவாயிலில் வைத்தீர்களா என்பதே முடிவை மாற்றிவிடும். பள்ளங்கள் நுண்ணியவையாக இருந்தால் குளிர்ச்சி கூடலாம்; ஆனால் பம்ப் திணறும். ஆகவே ஒரே நீரோட்டத்தில் ஒருமுறை, ஒரே பம்ப் வேகத்தில் ஒருமுறை என இரண்டு வகையிலும் ஒப்பிடுவது நியாயம்.

நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு ஒரு எச்சரிக்கை. 32 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள பகலில், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் நீராய்ப் படியும். நீரை 20 டிகிரிக்குக் குளிரவைத்துச் சாதனை படைக்க நினைத்தால், குழாய் வியர்த்துச் சொட்டுவது கார்டின் மேல்தான்.

பிளாக்கைச் சரியாக அளப்பது விளையாட்டுக் கணினிக்காரர்களின் கவலை மட்டுமல்ல; நீரால் குளிரும் தரவு மையங்களின் கவலையும்தான். போர்ட்டிக்சன் ஸ்பிரிங்ஹில்லில் தரவு மையத்துக்காக 389 ஏக்கர் வாங்குவதாக 2024 டிசம்பரில் கமுடா நிறுவனம் அறிவித்தது. ஜொகூர் கூலாயில் ஒய்டிஎல் தரவு மையத்துக்கென அறிவிக்கப்பட்ட என்விடியா ஜிபி200 என்விஎல்72 அடுக்கில் 72 கிராபிக்ஸ் சிப்புகள். மொத்தம் ஏறக்குறைய 120 கிலோவாட். நீர் 10 டிகிரி சூடேறலாம் என்றால், ஓர் அடுக்குக்கே நிமிடத்துக்குச் சுமார் 170 லிட்டர் ஓட வேண்டும்.

வாட்டுக்கான அந்தச் சிறு எண் இங்கேதான் பணமாகிறது. பிளாக்கில் வித்தியாசம் குறையக் குறைய, சிப்பைக் கெடுக்காமல் நீரைச் சூடாகவே அனுப்பலாம். 40 டிகிரி நீர் போதுமென்றால், 33 டிகிரி வெளிக்காற்றே அதை ஆற்றிவிடும்; குளிரூட்டும் இயந்திரத்துக்கு மின்சாரம் கொட்ட வேண்டாம். 20 டிகிரி நீர் கேட்கும் பிளாக்குக்கு இந்த நாட்டில் ஆண்டு முழுவதும் மின்கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே பிளாக் வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: நீர் எத்தனை டிகிரி, எத்தனை வாட், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? பதில் இல்லாவிட்டால் அந்த விளம்பர எண்ணை விட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம்: செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் சேர்ந்தால் என்ன ஆகும்?

(தொடரும்)