“குய்ங்” என்றால் புதையலா? ஏற்காடு மலையில் மெஷினையே ஏமாற்றும் செம்மண்!

ஏற்காடு,

சேலத்தில் இருந்து ஏற்காடு மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அதையும் தாண்டி உள்ளே போனால் மாரமங்கலம். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மலைக்கிராமம்.

ஆள் குடியில்லாத பழைய வீட்டு மனை என்றாலே ஒரு பேச்சு கிளம்பும். “அங்க ஏதோ புதைச்சு வெச்சிருக்காங்கப்பா!”

அந்தக் காலத்தில் பாங்கி ஏது? வெள்ளி ரூபாயைச் சட்டியில் போட்டு அடுப்படியில் புதைத்தவர்கள் உண்டு. ஆகவே பேச்சு முழுப் பொய் அல்ல. ஆசைதான் அதிகம்!

இந்த ஆசைக்குத் துணையாக வந்திருக்கிறது ஒரு மெஷின். அதுதான் மெட்டல் டிடெக்டர்.

ஆணிக்கும் குய்ங்!

நீளக் கம்பு. நுனியில் தட்டு போல் ஒரு வளையம். உள்ளே செம்புக் கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் அதில் சிறு மின்னோட்டம் கிளம்பும். அதைப் பிடித்துக்கொண்டு மெஷின் “குய்ங்” என்று கத்தும்.

ஒற்றைக் காசு என்றால் சாதாரண மெஷினுக்கு ஒரு சாண் ஆழம் எட்டினாலே பெரிது.

தங்கக் காசுக்கும் குய்ங். சோடா மூடிக்கும், லாட ஆணிக்கும் குய்ங்தான்!

சேர்வராயன் மலையில் சங்கதி இன்னும் மோசம். இங்கே இரும்புச் சத்துள்ள செம்மண். உச்சிகளில் பாக்சைட். இப்படிப்பட்ட மண்ணில் ஒன்றுமே இல்லாமலும் மெஷின் கத்தும். வியர்க்க வியர்க்கக் குழி வெட்டியவர் கைக்கு வருவது செம்மண் கட்டி!

கிடைத்தே விட்டால்?

டவுன்காரர் ஒருவர் மெஷினோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “அண்ணே, உங்க பழைய மனையில ஒரு சுத்து பார்த்துக்கறேன். கிடைச்சா பாதிப் பாதி. வெளியே மூச்சு விடாதீங்க!”

“நமக்கென்ன தம்பி, பாருங்க” என்று மனைக்காரர் தலையாட்டினால் வந்தது வினை.

1878-ல் வந்த புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எப்போது கிடைத்தது என்று சொல்லவேண்டும்.

மறைத்தால் எடுத்தவருக்கு ஓராண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். உடந்தையாக இருந்த நிலத்துக்காரருக்கும் ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு. இருவருக்கும் பங்கும் போய்விடும்!

சொல்லிவிட்டால்? உரிமை கோரி யாரும் வராத, நூறு ஆண்டு கடந்த புதையலில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. தங்களுக்குள் வேறு ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. அரசே எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துப் பணம் தரவேண்டும்.

நேர் வழியிலும் காசு உண்டு. ஜெயில் மட்டும் இல்லை!

சுத்தியலைத் தேடப் போனவர்

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோவிலில் மண்ணைத் தோண்டியபோது 7 அடி ஆழத்தில் ஒரு பாத்திரம் தட்டுப்பட்டது. உள்ளே 505 தங்கக் காசுகள். எடை 1,716 கிராம். அவை அரசுக் கருவூலத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மெஷின் இல்லை, மந்திரம் இல்லை. மண்வெட்டிதான்!

1992 நவம்பரில் இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் கிராமம். விவசாயி ஒருவர் வயலில் சுத்தியலைத் தொலைத்தார். ஓய்வு பெற்ற தோட்டக்காரரான அவர் நண்பர் மெட்டல் டிடெக்டரோடு தேடப் போனார். வந்து விழுந்தது ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும்!

கொஞ்சம் எடுத்ததும் அவர் கையை நிறுத்திக்கொண்டார். தகவல் கொடுத்தார். நிபுணர்கள் வந்து அடுக்குக் குலையாமல் எடுத்தார்கள். 14,000-க்கு மேற்பட்ட காசுகள். பரிசு 17½ லட்சம் பவுன். அதை விவசாயியோடு பங்கு போட்டுக்கொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. இன்று அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்!

அவர் அவசரப்பட்டு அள்ளியிருந்தால் காசு மட்டும் மிஞ்சியிருக்கும். எந்தப் பெட்டியில், எதன்மேல் எது இருந்தது என்ற கதை போயிருக்கும்.

மெஷினுக்குக் கேட்காதது

சேர்வராயன் மலையின் மிகப் பழைய சொத்துக்கு மெஷின் கத்தவே கத்தாது. ஏனென்றால் அது கல்!

உலோகம் தெரியாத காலத்து மனிதன் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடாரிகள் இந்த மலையில் நிறையக் கிடைத்துள்ளன. மலை மக்கள் அவற்றை எடுத்துப் பிள்ளையார் கோவிலில் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். பூமியியல் நிபுணர் ராபர்ட் புரூஸ் பூட் ஏற்காட்டிலேயே குடியிருந்தவர். அவர் சேகரித்த பழம்பொருள்களை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. 1912-ல் கல்கத்தாவில் இறந்தார். அவர் அஸ்தி ஏற்காடு தேவாலயத்தில் இருக்கிறது.

காசைத் தேடி வெட்டும் குழியில் இந்தக் கல்லும் வரும். வெறுங்கல் என்று தூக்கி எறியப்படும். பல ஆயிரம் ஆண்டுச் சேதி அத்தோடு சரி.

ஏர் முனையிலோ மண்வெட்டியிலோ ஏதாவது தட்டுப்பட்டால் மேலே தோண்ட வேண்டாம். கழுவவும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலர் காதில் போட்டு, கலெக்டருக்கு ஒரு மனு எழுதினால் போதும்.

எழுதக் காகிதம் ஒன்று. எழுதாவிட்டால் ஓராண்டு!