கொம்புச்சா பாட்டிலில் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?

காரைக்காலுக்குப் புளித்த பானம் புதிதில்லை. நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குக் கிளம்பிய ஊர் இது. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலிலோ உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. இந்த வரிசையில் இப்போது வந்து சேர்ந்திருப்பது கொம்புச்சா, அதாவது புளிக்கவைத்த டீ. பிரான்ஸில் உறவுக்காரர்கள் இருக்கும் குடும்பங்கள் காரைக்காலில் நிறைய. அங்கே சூப்பர் மார்க்கெட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் பானம் இது. இங்கே ஆன்லைனில் ஆர்டர் செய்தால் வாசலுக்கே வந்துவிடுகிறது.

‘குடலுக்கு நல்லது. போட்ட சர்க்கரையை பாக்டீரியா தின்றுவிடும். அதனால் சுகர் இருப்பவர்களும் தாராளமாகக் குடிக்கலாம்’ என்று ஒரு பேச்சும் கூடவே வருகிறது. கடைசி வரிதான் கவலைக்குரியது. ஐ.சி.எம்.ஆர் அமைப்பின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு என்றது அது. முதலிடத்தில் கோவா, 26.4 சதவிகிதம். ஒரு நூலிழையில் அடுத்த இடம் புதுச்சேரிக்கு: 26.3. நாலு பேரில் ஒருவருக்கு சுகர் இருக்கும் ஒரு பிரதேசத்தில் ‘தாராளமாக’ என்ற சொல்லை யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

கொம்புச்சா தயாராகும் விதம் கள்ளைத் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் ஈஸ்ட் நுழைந்து, இனிப்பைச் சாராயச் சத்தாக மாற்றிவிடுகிறது; அதுதான் கள். அதையும் அப்படியே விட்டுவைத்தால் பாக்டீரியா வேலையைக் காட்டி, காடியாகிவிடும். கொம்புச்சாவில் இந்த இரண்டு வேலையும் ஒரே ஜாடிக்குள் நடக்கின்றன. பால் சேர்க்காத டீயில் சர்க்கரை போட்டு ஆறவைத்து, ஸ்கோபி என்ற, இளநீர் வழுக்கை போன்ற ஒரு தட்டை அதில் மிதக்கவிடுகிறார்கள். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து குடியிருக்கும் வீடு அது. ஒன்றிரண்டு வாரத்தில் டீ புளித்துவிடும்.

ஒரு லிட்டர் டீக்கு 50 முதல் 100 கிராம் வரை சர்க்கரை போடுவது வழக்கம். அதாவது, பத்து ஸ்பூனுக்குக் குறையாமல். ஈஸ்ட் முதலில் அதை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. அதில் ஒரு பகுதிதான் சாராயச் சத்தாகவும் அமிலமாகவும் மாறுகிறது. மீதி ஜாடியிலேயே நிற்கும். விடிகாலைக் கள் இனிக்கும், பொழுது சாய்ந்தால் புளிக்கும் அல்லவா, அதே கணக்குதான். சர்க்கரை குறையக் குறைய புளிப்பு ஏறும். நன்றாகப் புளித்த கொம்புச்சாவை முதல்முறை குடிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். விற்பனைக்கு அது ஆகாது என்பதால் பல தயாரிப்பாளர்கள் சீக்கிரமே புளிப்பதை நிறுத்துகிறார்கள், அல்லது கடைசியில் பழச்சாறோ சர்க்கரையோ கலக்கிறார்கள். ஆக, நாக்குக்கு இனித்தால் சர்க்கரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்டீவியா மாதிரி இனிப்பூட்டி கலந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு.

லேபிளில் ஒரு சின்னச் சிக்கல். சத்து அட்டவணை பெரும்பாலும் 100 மி.லி.க்குத்தான் இருக்கும். யாரும் 100 மி.லி.யோடு நிறுத்துவதில்லை, பாட்டிலைக் காலிசெய்துவிட்டுத்தான் வைக்கிறோம். ‘சர்க்கரை 4.5 கிராம்’ என்று போட்டிருந்தால், 330 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 15 கிராம். மூன்று ஸ்பூன்! இப்படிச் சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதிக்கு மேல் ஒரே பாட்டிலில் போய்விட்டது. அதே அளவு கோலாவில் சுமார் 35 கிராம் இருக்கும் என்பதால், கோலாவை விட்டு இதற்கு வருபவருக்கு லாபம்தான். சர்க்கரை போடாத மோரை விட்டு இதற்கு வருபவருக்கு நஷ்டம்.

சரி, குடலுக்கு? நொதித்த பானம் எல்லாமே ‘புரோபயாட்டிக்’ ஆகிவிடாது. குறிப்பிட்ட நுண்ணுயிர், போதுமான அளவில், உயிரோடு, நிரூபிக்கப்பட்ட பலனோடு இருந்தால்தான் அந்தப் பெயர். சூடாக்கிப் பதப்படுத்திய பாட்டிலில் உயிருள்ள நுண்ணுயிரை எதிர்பார்க்க முடியாது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் சொற்பம். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வு 2023-ல் வெளியானபோது, கொம்புச்சா சுகரைக் குறைக்கிறது என்று பரபரப்பாகப் பேசப்பட்டது. நான்கு வாரத்தில் வெறும் வயிற்று சர்க்கரை சராசரியாக 164-லிருந்து 116-க்கு இறங்கியது உண்மை. ஆனால், ஆய்வில் சேர்ந்தவர்கள் 12 பேர்தான். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது விபரீதம்.

வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்கள் கண்ணாடி ஜாடியைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். அமிலம் உலோகத்தையும், பீங்கான் பூச்சிலுள்ள ஈயத்தையும் கரைத்துவிடும். காரைக்கால் வெயிலில் புளிப்பு வேகமாக ஏறும்; மூடிய பாட்டிலை வெளியே வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கவும் கூடும். பூஞ்சை தெரிந்தால் ஸ்கோபியோடு சேர்த்துக் கொட்டிவிட வேண்டும். மதுவே தொடாத வீடுகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்திய விதிப்படி 0.5 சதவிகிதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். வீட்டு ஜாடி அந்தக் கோட்டைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். குழந்தைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தவிர்ப்பதே நல்லது.

நீராகாரத்தில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. சர்க்கரை சேர்க்காமலே இரவோடு இரவாகப் புளிக்கிறது. செலவும் இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி, குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்ற ஆய்வில் இறங்கியிருக்கிறது. சுகர் இருப்பவர்கள் மட்டும் சோற்றைக் கரைத்துக் குடிக்காமல், தெளிந்த நீரை வடித்து, கொஞ்சம் மோர், இரண்டு சின்ன வெங்காயம் சேர்த்துக் குடிக்கலாம். ரத்தக்கொதிப்பு இருந்தால் உப்பு குறைவாக.