பலாலியில் இறங்குகிறவர்களுக்கு

2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் போகிறது. தொட்டியத்து வாழை விவசாயி ஒருவர் அதில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பலாலி விமான நிலையத்தில் இறங்கலாம். இறங்கியதும் அங்குள்ள செம்மண்ணை அவர் கவனிக்காமல் போகமாட்டார். வாழையும் வெங்காயமும் புகையிலையும் விளைந்த மண் அது. நமக்குக் காவிரி வாய்க்கால், அவர்களுக்குக் கிணறுதான். ஒரு காலத்தில் துலா மிதித்து இறைத்தே பயிரைக் காப்பாற்றினார்கள்.

பலாலி ஓடுபாதையை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை போட்டது. பிறகு உள்நாட்டுப் போர். 1990 ஜூனில் சண்டை மூண்டபோது பலாலி, வசாவிளான், மயிலிட்டி, தையிட்டி, கட்டுவன், குரும்பசிட்டி என்று வலிகாமம் வடக்கின் ஊர்கள் காலியாயின. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துப் போனவர்கள் பலர். ஆனால் அவர்களுடைய நிலம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. பல குடும்பங்களுக்குச் சுன்னாகம், மல்லாகம் பக்கத்து முகாம்களே வீடாயின. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்து கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

குரும்பசிட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1930இல் 'ஈழகேசரி' இதழைத் தொடங்கிய நா. பொன்னையா பிறந்த ஊர். இலக்கிய விமர்சகர் கனக செந்திநாதனின் ஊரும் அதுதான். அப்படி ஓர் ஊர் கலைந்தால் அடுத்த வீட்டுப் பழக்கமும் வாசகசாலைப் பேச்சும் கோயில் திருவிழாவில் இன்னாருக்கு இன்ன நாள் என்ற முறையும் சேர்ந்தே கலைகின்றன. இதற்கெல்லாம் எந்த அரசும் நட்டஈடு கொடுக்க முடியாது.

போர் 2009 மேயில் முடிந்தது. நிலம் உடனே வரவில்லை. 2013இல் 6,381 ஏக்கரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள அரசு அறிவித்தது. சொந்தக்காரர்கள் திரண்டு நீதிமன்றம் போனார்கள். மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் 2017 ஜூலை 3 அன்றுதான் மீனவர் கைக்கு வந்தது. அப்போது 27 வருடம் ஆகியிருந்தது. மற்ற இடங்களில் ஒரு பகுதி துண்டுதுண்டாக விடப்பட்டது. திரும்பியவர்களில் பலருக்கு வீடு இல்லை, வேலி இல்லை, எல்லை காட்ட ஒரு பனைகூட இல்லை. எது யாருடைய காணி என்று சொல்லப் பெரியவர்களின் ஞாபகம்தான் மிஞ்சியிருந்தது.

அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே மீதி நிலத்தையும் கொடுத்தாக வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு வருடமும் அநியாயம்தான்.

பலாலிக்குப் போகிறவர்கள் நல்லூர்க் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். மயிலிட்டிப் பக்கமும் போங்கள். திரும்பி வந்தவர்களிடம் ஊர்க்கதை கேளுங்கள்.